ஒருவர் தொண்டை, ஒருவர் கண்ணாடிக் குழாய்: சூசன் டெடெஸ்கி – டெரெக் டிரக்ஸ்

2010 ஜனவரி இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் கிராமி விழா நடந்தது. கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த ப்ளூஸ் இசைப் பிரிவில், சமகால ஆல்பத்துக்கான போட்டிப் பட்டியலில் ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று பாடகி சூசன் டெடெஸ்கியின் 'பேக் டு த ரிவர்'. மற்றொன்று அவருடைய கணவரும் கிடார் கலைஞருமான டெரெக் டிரக்ஸின் குழு வெளியிட்ட 'ஆல்ரெடி ஃப்ரீ'. விருது கணவரின் குழுவுக்குப் போனது. அதே ஆண்டில் இருவரும் தங்கள் தங்கள் குழுக்களை ஓரமாக வைத்துவிட்டு, பதினொரு பேர் கொண்ட ஒரே குழுவாகச் சேர்ந்தார்கள். பெயர் டெடெஸ்கி டிரக்ஸ் பேண்ட். ப்ளூஸில் கிராமி வாங்கிய குழுவை, வாங்கிய கையோடு மூட்டை கட்டச் சொல்லும் மேலாளர் உலகத்திலேயே இருக்க மாட்டார்.

இவர்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் காதல் கதையாகத் தொடங்கி, குடும்பப் படமாக முடியும். காதல் இருக்கட்டும். இசைக்காரர்களாக இந்த இருவரும் சேர்ந்தபோது யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், அதனால் பாட்டு எப்படி மாறியது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. ப்ளூஸ்-ராக்கில் பாடகியும் கிடார் கலைஞரும் சேர்ந்து நின்ற ஜோடிகள் நிறைய. நீடித்தவை மிகக் குறைவு.

சூசன் 1970 நவம்பர் 9 அன்று பாஸ்டனில் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்வெல் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். டெடெஸ்கி என்ற பெயர் அந்த வட்டாரத்தில் மளிகைக் கடைப் பலகைகளில் தொங்கிய பெயர். குடும்பத்தின் கடைச் சங்கிலி அது. கத்தோலிக்க வீட்டுப் பெண். ஆனால் தேவாலயப் பாட்டு அவரை இழுத்தது வேறு பக்கம்: கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் சபைகளுக்குப் போய்ப் பாட்டுக் கேட்டார். பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்தபோது அங்கிருந்த காஸ்பல் (கறுப்பினத் தேவாலயப் பாட்டு) பாடகர் குழுவில் பாடினார். இருபது வயதில் பட்டம். கிடாரைத் தீவிரமாகக் கையில் எடுத்தது அதற்குப் பிறகுதான். ஊர் கிளப்களில் யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்று நடக்கும் ப்ளூஸ் மாலைகள்தான் அவருக்கு இரண்டாவது கல்லூரி.

1998இல் டோன்-கூல் என்ற பாஸ்டன் பகுதிச் சிறு நிறுவனத்தில் வந்த 'ஜஸ்ட் வோன்ட் பர்ன்' ஆல்பம் 5 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்று, தங்கத் தட்டு அந்தஸ்து பெற்றது. ப்ளூஸ் ஆல்பங்கள் சில ஆயிரங்களில் நின்றுவிடும் துறையில் இது அதிசயம். 2000ஆம் ஆண்டு கிராமியில் சிறந்த புதுமுகத்துக்கான பட்டியலில் பிரிட்னி ஸ்பியர்ஸ், கிறிஸ்டினா அகிலேரா, மேசி கிரே, கிட் ராக் ஆகியோரோடு சூசன் பெயரும் இருந்தது. அப்போது அவருக்கு வயது 29. பத்து வருடம் கிளப்களில் பாடியாகிவிட்டது. புதுமுகமாம்! விருது அகிலேராவுக்குப் போனது.

அந்த ஆல்பத்தின் 'இட் ஹர்ட் சோ பேட்' பாட்டைக் கேட்டால் குரலின் பலம் புரியும். அடிக்குரலில் கிட்டத்தட்டப் பேசுவதுபோலத் தொடங்கி, மேலே போகும்போது குரல் கிழிகிற எல்லையில் நின்று பாடுகிறார். ஆனால் கிழிய விடுவதில்லை. 1960களின் ராக் பாடகி ஜானிஸ் ஜோப்ளினோடு ஒப்பிட்டு எழுதுவது அன்று வழக்கமாக இருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜோப்ளின் உடைந்துபோவதையே பாட்டாக்கினார். சூசனிடம் இருப்பது காஸ்பல் தந்த நிதானம். உச்சத்தில் கத்தும்போதும் அடுத்த வரிக்கு மூச்சு மிச்சம் வைத்திருப்பார்.

டெரெக்கின் தொடக்கம் வேறு வகை. 1979 ஜூன் 8 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் பிறந்தார். அமெரிக்கத் தெற்கின் புகழ்பெற்ற ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் 1969இல் உருவான ஊர் அது. அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பட்ச் டிரக்ஸ் இவருடைய பெரியப்பா. ஆங்கிலேய கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் 'டெரெக் அண்ட் த டாமினோஸ்' என்ற பெயரில் போட்ட 'லைலா' ஆல்பம் வீட்டில் ஓயாமல் ஒலித்தது. பிள்ளைக்குப் பெயரும் அங்கிருந்தே வந்தது. ஒன்பது வயதில், ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்கள் விற்றுக்கொண்டிருந்த இடத்தில் 5 டாலர் கொடுத்து ஒரு கிடார் வாங்கினார். பதினோரு வயதில் காசு வாங்கிக்கொண்டு வாசிக்கிற கலைஞர். பதின்வயது முடிவதற்குள் சொந்தக் குழு. 1999இல், இருபது வயதில், ஆல்மன் பிரதர்ஸின் நிரந்தர உறுப்பினர். 2011இல் ரோலிங் ஸ்டோன் இதழ் போட்ட நூறு கிடார் கலைஞர்களின் வரிசையில் அவருக்குக் கிடைத்த இடம் 16.

பிஞ்சுக் கைக்கு கிடாரின் கழுத்து எட்டாததால் அவர் பிடித்துக்கொண்ட உபாயம்தான் ஸ்லைடு. இடக்கை விரலில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி அல்லது உலோகக் குழாய் அது. தந்தியை மெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பியின்) மேல் வைத்து அழுத்தாமல், குழாயை லேசாகத் தொட்டபடி நகர்த்தினால் ஒலி படிப்படியாக ஏறாது, வழுக்கிக்கொண்டு போகும். ஆல்மன் பிரதர்ஸின் கிடார் கலைஞர் டுவேன் ஆல்மன் இதற்குக் கோரிசிடின் என்ற சளி மருந்தின் காலிக் கண்ணாடிக் குப்பியைப் பயன்படுத்தினார். அவர் 1971இல், 24 வயதில், மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். டெரெக் பிறந்தது அதற்கு எட்டு வருடம் கழித்து. பெரியப்பாவின் நண்பரிடம் நேரில் கற்க வழியில்லை. ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டுப் பிடித்ததுதான்.

இங்கே கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு வசதி இருக்கிறது. டெரெக் தன் கிடாரைத் திறந்த ஈ என்ற முறையில் சுருதி சேர்க்கிறார். ஈ சுரத்தை ஆதார சட்ஜமமாக வைத்துக்கொண்டால், கீழ்த் தந்தியிலிருந்து மேலே ஆறு தந்திகளும் ச – ப – ச – க – ப – ச என்று நிற்கும். அந்தக் காந்தாரம் அந்தர காந்தாரம். அதாவது எதையும் தொடாமல் ஆறு தந்தியையும் வருடினாலே ச, க, ப மூன்றும் சேர்ந்த முழுச் சுரக் கூட்டு (கார்டு) கிடைத்துவிடும். ஆனால் ப்ளூஸின் உயிர் அந்த அந்தர காந்தாரத்தில் இல்லை. அதற்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவே, பியானோவில் கட்டையே இல்லாத ஒரு இடத்தில் இருக்கிறது. பாடகர்கள் அந்த இடத்தைத் தொண்டையால் தொட்டுவிடுவார்கள். மெட்டு வைத்த கிடாரில் தந்தியை வளைத்துத்தான் தொட வேண்டும். ஸ்லைடுக்காரருக்கு அது நேர்வழி. கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணையில் மெட்டே இல்லாத தண்டின்மேல் உருளையை ஓட்டிக் கமகம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் நுணுக்கமும் ஆபத்தும் தெரியும்: ஒரு மயிரிழை தள்ளினாலும் அபசுரம்.

டெரெக்கின் வலக்கையில் பிளெக்ட்ரம் என்ற மீட்டும் வில்லை கிடையாது. வெறும் விரல்தான் மீட்டுகிறது. மீட்டாத தந்திகளை அடக்கி வைப்பதும் அதே விரல்கள்தான். அதனால்தான் ஸ்லைடில் வழக்கமாக வரும் கரகரப்பும் பக்கத்துத் தந்தியின் இரைச்சலும் அவரிடம் வராது. கிப்ஸன் எஸ்ஜி கிடார், ஒரு ஒயர், ஒரு ஃபென்டர் ஆம்ப்ளிஃபையர். காலடியில் ஒலியை மாற்றும் பெடல்களின் அணிவகுப்பு இல்லை. மேடையில் அசையாமல் நிற்பார். பேசவும் மாட்டார், பாடவும் மாட்டார்.

அமெரிக்கத் தெற்கின் இந்தப் பையன் இந்திய இசைக்கு வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல. ஸ்லைடு கிடாரின் தர்க்கமே அவரை அங்கே இழுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். சரோட் மேதை அலி அக்பர் கான் கலிஃபோர்னியாவின் சான் ரஃபேலில் நடத்திய இசைக் கல்லூரியில் டெரெக் பயின்றிருக்கிறார். சரோடுக்கும் மெட்டு கிடையாது. பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான்மீது பெரும் ஈடுபாடு. டெரெக் குழுவின் 'ஜாய்ஃபுல் நாய்ஸ்' ஆல்பத்தில் நுஸ்ரத்தின் வாரிசு ராஹத் ஃபதே அலி கான் பாடியிருக்கிறார். அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டைப் பாடியவர் சூசன். பிற்பாடு ஜாக்சன்வில் வீட்டை ஒட்டிக் கட்டிய ஸ்டுடியோவுக்கு வைத்த பெயர் 'ஸ்வாம்ப் ராகா'. சதுப்பு நிலத்து ராகம்! ஃபுளோரிடாவின் சேற்று மண்ணையும் சான் ரஃபேலில் கேட்ட சரோடையும் ஒரே பலகையில் எழுதிவிட்டார்.

இருவரும் சந்தித்தது 1999இல், நியூ ஆர்லியன்ஸில். ஆல்மன் பிரதர்ஸ் கச்சேரிக்கு முன்னால் பாட சூசனின் குழு அமர்த்தப்பட்டிருந்தது. 2001 டிசம்பரில் திருமணம். மணமகள் எட்டரை வயது மூத்தவர். அப்போதைக்கு அவர்தான் அதிகம் விற்கும் பெயரும்கூட. பிள்ளைகள் இரண்டு பிறந்தார்கள். அதன் பிறகு வந்த பத்தாண்டு, இரண்டு பேருந்துகளில் இரண்டு திசையில் ஓடிய வாழ்க்கை. 2006இல் டெரெக் ஒரே ஆண்டில் மூன்று குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தார்: சொந்தக் குழு, ஆல்மன் பிரதர்ஸ், எரிக் கிளாப்டனின் உலகச் சுற்றுப்பயணக் குழு. பெயர் கொடுத்தவரின் குழுவிலேயே பிள்ளை போய் வாசித்தாயிற்று. சூசன் அந்தக் காலத்தில் 'வெயிட் ஃபார் மி', பிறர் பாட்டுகளை மட்டும் பாடிய 'ஹோப் அண்ட் டிசையர்', பிறகு 'பேக் டு த ரிவர்' என்று போனார். நல்ல ஆல்பங்கள்தான். ஆனால் 'ஜஸ்ட் வோன்ட் பர்ன்' தந்த உயரத்திலிருந்து வியாபாரம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

2007–08இல் 'சோல் ஸ்டூ ரிவைவல்' என்ற பெயரில் இரண்டு குழுக்களையும் கலந்து கோடைக் கச்சேரிகள் நடத்திப் பார்த்தார்கள். அது வெள்ளோட்டம். இரண்டு ஆண்டு கழித்து முழுதாகவே சேர்ந்துவிட்டார்கள். இருவரும் வெளிப்படையாகச் சொன்ன காரணம் குடும்பம்: ஒன்றாகப் பயணம் போகலாம், ஒன்றாக வீட்டில் இருக்கலாம்.

சேர்வது எளிது, கணக்குப் பார்ப்பதுதான் கஷ்டம். நாலு பேர் குழுவுக்குக் கிடைக்கும் டிக்கெட் வருமானத்தைப் பதினொரு பேருக்குப் பிரிக்க வேண்டும். பின்னாளில் பன்னிரண்டு பேர் ஆனார்கள். இரண்டு டிரம்ஸ், மூன்று ஊதுகருவிகள், துணைப் பாடகர்கள், விசைப்பலகை, பேஸ். ஹிப்-ஹாப்பும் மடிக்கணினியும் ஆண்ட காலத்தில், 1970இன் பெரிய ராக்-சோல் குழு மாதிரியைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஆங்கிலேயப் பாடகர் ஜோ காக்கரின் 'மேட் டாக்ஸ் அண்ட் இங்கிலீஷ்மென்', டெலனி அண்ட் போனி ஆகிய குழுக்கள்தான் முன்னுதாரணம். முன்னது இரண்டே மாதச் சுற்றுப்பயணத்தில் காக்கரை நொறுக்கிப்போட்டது. பின்னதில் கணவன் மனைவி சில ஆண்டுகளிலேயே பிரிந்தார்கள். இந்த வகை ஜோடிகளின் பட்டியலே கொஞ்சம் அச்சமூட்டும். ஸ்காட்லாந்தின் ஸ்டோன் த குரோஸ் குழுவில் மேகி பெல்லின் குரலுக்கு இணையாக நின்ற கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். மேடையில் சேர்ந்து நின்ற மனைவியைக் கணவன் அடித்துத் துன்புறுத்திய ஐக்–டீனா டர்னர் கதை உலகத்துக்கே தெரியும்.

டெடெஸ்கி–டிரக்ஸ் ஏன் தப்பித்தார்கள்? ஒரு காரணம் வெறும் நிர்வாகம். வீட்டிலேயே ஸ்டுடியோ, வாடகை கிடையாது, நேரக் கெடு கிடையாது. 2011 முதல் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் ஆண்டுதோறும் தொடர்ச்சியாகப் பல இரவுகள். ஆல்மன் பிரதர்ஸ் பல ஆண்டுகள் மார்ச் மாதத்தில் அதே அரங்கில் செய்ததைத்தான் இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஊர் ஊராகச் சாமான் ஏற்றி இறக்காமல் ஒரே இடத்தில் நின்று வாசித்தால் பெரிய குழுவுக்குக் கட்டுப்படியாகும். ஒவ்வொரு இரவும் பாட்டுப் பட்டியலை மாற்றுவதால் அதே ரசிகர் மூன்று நாளும் வருவார். 2015 முதல் 'வீல்ஸ் ஆஃப் சோல்' என்ற பெயரில் வேறு குழுக்களையும் கூட்டிக்கொண்டு கோடைச் சுற்றுப்பயணம்.

மற்றக் காரணம் இசைக்குள்ளேயே இருக்கிறது. டெரெக் பாடாததால் மேடையின் மைக்கு மொத்தமும் சூசனுடையது. சூசனும் கிடார் கலைஞர். தன் குழுவில் தானே தனி வாசித்தவர். இங்கே அவர் டெலிகாஸ்டர் கிடாரைத் தோளில் மாட்டியிருந்தாலும் பெரும்பாலும் தாளத்தோடு நின்றுகொள்கிறார். எப்போதாவது, ஒரு மெதுவான ப்ளூஸில், நாலு வரி வாசிப்பார். சுருக்கமான, முள் முள்ளான வாசிப்பு. கணவரின் வழுக்கலுக்கு நேர் எதிர். அது அடிக்கடி வராதா என்று எனக்கு ஏக்கமுண்டு.

மூன்றாவதாக விட்டுக்கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் போஸ்டர்களில் வராது. மைக் மேட்டிசன், டெரெக்கின் பழைய குழுவில் முதன்மைப் பாடகர். புதுக் குழு வந்தபோது பின்வரிசைத் துணைப்பாடகராக நகர்ந்துகொண்டார். வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். மேட்டிசன் பின்வரிசையில் நின்றபடியே குழுவின் மிக முக்கியமான பாட்டுக்காரர்களில் ஒருவரானார். 'கணவனும் மனைவியும் எழுதும் பாட்டுகள்' என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பாதியில் இந்த மூன்றாவது கை இருக்கிறது.

அதற்கு நல்ல உதாரணம் 'மிட்நைட் இன் ஹார்லம்'. 2011இல் வந்த முதல் ஆல்பமான 'ரெவலேட்டர்'இல் உள்ள பாட்டு. எழுதியவர்கள் மேட்டிசனும் டெரெக்கும். எழுதியவர் இருவரும் ஆண்கள், பாடுவது சூசன். நகரத்துக்கு வந்து சேர்ந்து, தோற்றுக் களைத்த ஒரு மனிதக் குரல். அதைச் சூசன் எந்த அலங்காரமும் இல்லாமல் பாடுகிறார். அடியில் கோஃபி பர்பிரிட்ஜின் ஆர்கன் மெல்லிய விரிப்பாகக் கிடக்கிறது. பாட்டு வரிகள் முடிந்த பிறகு ஸ்லைடு ஏறத் தொடங்குகிறது. அவசரமே இல்லை. ஒரு சுரத்தை எடுத்து, அதன் கீழ்விளிம்பிலிருந்து தள்ளி, மேல்விளிம்பில் நிறுத்தி, அதிர வைத்து, அடுத்ததற்குப் போகிறது. பாடகி எந்த மூச்சில் நிறுத்தினாரோ அதே மூச்சு இடைவெளிகளில் கிடாரும் நிறுத்துகிறது. மேடையில் இந்தப் பாட்டுக்கு முன்னால் ஒரு முன்னுரை சேர்ப்பார்கள். 2012இன் 'எவ்ரிபடீஸ் டாக்கின்' நேரலை ஆல்பத்தில் அதைப் பாட்டின் பெயரோடு 'ஸ்வாம்ப் ராகா' முன்னுரை என்றே அச்சிட்டிருக்கிறார்கள். தாளம் சேராமல், சுருதியின்மேல் ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அடுத்ததைத் திறக்கிற வாசிப்பு. நம்மூர்க் காது அதை ஆலாபனை என்று உடனே அடையாளம் கண்டுகொள்ளும். நடுவே டுவேன் ஆல்மன் இயற்றிய 'லிட்டில் மார்தா'வும் எட்டிப் பார்க்கிறது.

'ரெவலேட்டர்'இன் 'தீஸ் வால்ஸ்' பாட்டில் சரோட் வாசித்திருப்பவர் அலி அக்பர் கானின் மகன் ஆலம் கான். சரோடை வெளிநாட்டு வாசனைக்காகத் தெளிக்கவில்லை. கிடாரும் சரோடும் ஒன்றை ஒன்று கேட்டு வாசிக்கின்றன. அந்த ஆல்பம் 2012இல் சிறந்த ப்ளூஸ் ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் ஒபாமா நடத்திய ப்ளூஸ் மாலையில் சூசனும் டெரெக்கும் வாசித்தார்கள்.

'ரெவலேட்டர்', அடுத்து 2013இல் வந்த 'மேட் அப் மைண்ட்' இரண்டிலும் வெளியார் பலரோடு சேர்ந்து பாட்டெழுதினார்கள். எரிக் கிராஸ்னோ, கேரி லூரிஸ், டாயில் பிராம்ஹால் போன்ற பழகிய நண்பர்கள். 'மேட் அப் மைண்ட்' கொஞ்சம் அடக்கமான ஆல்பம். குழு இன்னும் பாட்டின் ஓரத்தில் நிற்கிறது. 2014 அக்டோபர் 28 இரவு ஆல்மன் பிரதர்ஸ் பீக்கனில் கடைசிக் கச்சேரி வாசித்து முடித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. டுவேன் இறந்த தேதி பிறந்திருந்தது. டெரெக்குக்கு இனி ஒரே குழுதான். அதன் பலன் 2016இன் 'லெட் மி கெட் பை'இல் தெரிகிறது. பாட்டுகள் பெரும்பாலும் குழுவுக்குள்ளேயே, ஸ்டுடியோவில் எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே உருவானவை. ஊதுகருவிகள் பிற்சேர்க்கையாக இல்லாமல் பாட்டின் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. என் கணக்கில் இதுதான் அவர்களின் மிகச் சிறந்த ஸ்டுடியோ ஆல்பம்.

அதன் பிறகு சாவுகள் வரிசையாக வந்தன. 2017 ஜனவரியில் பட்ச் டிரக்ஸ் தற்கொலை செய்துகொண்டார். மே மாதம் முதல் தேதி, டெரெக் போன்ற பலரைச் சிறு வயதிலிருந்து வளர்த்துவிட்ட கர்னல் புரூஸ் ஹாம்ப்டன், தன் 70ஆம் பிறந்தநாளுக்காக அட்லாண்டாவில் நடந்த கச்சேரியின் கடைசிப் பாட்டின்போது மேடையிலேயே சரிந்தார், பிழைக்கவில்லை. அதே மாதக் கடைசியில் டுவேனின் தம்பியும் ஆல்மன் பிரதர்ஸின் பாடகருமான கிரெக் ஆல்மன். 'சைன்ஸ்' ஆல்பம் இந்தத் துக்கத்தின் நடுவே எழுதப்பட்டது. அதன் கடைசிப் பாட்டு ஹாம்ப்டனுக்கானது. ஆல்பம் கடைக்கு வந்த நாள் 2019 பிப்ரவரி 15. அன்றுதான் கோஃபி பர்பிரிட்ஜ் இதய நோயால் இறந்தார். டெரெக்கின் பழைய குழுவிலிருந்தே கூட வந்தவர். விசைப்பலகையும் புல்லாங்குழலும் வாசித்தவர். குழுவில் இசைக் கோட்பாடு தெரிந்த மூளை அவர்தான். அவருடைய இடத்துக்கு கேப் டிக்சன் வந்தார், பாட்டெழுதவும் தெரிந்தவராக.

அந்த ஆகஸ்ட் 24 அன்று வர்ஜினியாவின் லாக்கின் இசைவிழாவில் குழு மேடையேறி, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் 'லைலா' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாக வாசித்தது. கூட ஃபிஷ் என்ற ராக் குழுவின் கிடார் கலைஞர் டிரே அனஸ்டேசியோ. ஏன் இந்த ஆல்பம்? டெரெக்கின் பெயர் வந்த கதை ஒன்று. இன்னொன்றைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்: 'லைலா' அமெரிக்காவில் வெளியான நாள் 1970 நவம்பர் 9, சூசன் பிறந்த அதே நாள். மேடையில் விட்டுவிட்ட கடைசிப் பாட்டை மட்டும் கணவனும் மனைவியும் தனியாக ஸ்டுடியோவில் வாசித்துச் சேர்த்தார்கள். 2021இல் அது நேரலை ஆல்பமாக வந்தது.

இதற்கிடையே பெருந்தொற்று. கச்சேரிகள் நின்றுபோன 2020இல் மேட்டிசன் குழுவினருக்கு ஒரு யோசனை சொன்னார்: கிளாப்டனின் ஆல்பத்துக்கு மூலமான நிஜாமியின் லைலா–மஜ்னூன் காவியத்தையே எல்லோரும் படிப்போம். 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் காவியம். லைலா மஜ்னு என்றால் பாலைவனத்தில் பிதற்றிக்கொண்டு திரியும் மஜ்னுதான் நமக்கும் முதலில் நினைவுக்கு வருவான். கிளாப்டனும் அவன் பக்கம்தான் நின்றார். நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவிமேல் கொண்ட காதலைக் கொட்ட அவருக்கு அந்த வேடம் தோதாக இருந்தது. டெடெஸ்கி டிரக்ஸ் பேண்ட் கேட்ட கேள்வி: அத்தனை பேர் அவளைப் பாடுகிறார்களே, அந்தப் பெண் என்ன நினைத்தாள்? கூடாரத்தில் அடைபட்டவளின் கதை, வீட்டில் அடைபட்ட உலகத்தோடு ஒட்டிக்கொண்டது. 24 பாட்டுகள் எழுதினார்கள். 'ஐ ஆம் த மூன்' என்ற பொதுத் தலைப்பில், 2022 ஜூனிலிருந்து ஆகஸ்ட்வரை நான்கு ஆல்பங்களாக வெளியிட்டார்கள்.

இந்த நான்கிலும் பாட்டெழுதியவர்கள் பட்டியலைப் பார்த்தால் குழு எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும். சூசன், டெரெக், மேட்டிசன், டிக்சன் என்று பேர்கள் கலைந்து கலைந்து வருகின்றன. சூசன் பாடாத பாட்டுகளும் இருக்கின்றன. எல்லாமே தேறும் என்று சொல்ல மாட்டேன். 24இல் ஐந்தாறைக் குறைத்திருந்தால் இரண்டு ஆல்பத்தில் கச்சிதமாக முடிந்திருக்கும். ஆனால் 'பசாக்வான்' என்ற, பன்னிரண்டு நிமிடம் தாண்டும் வாத்திய இசையில் டெரெக் எங்கெங்கே போய்வருகிறார் என்று கேட்கும்போது அந்தக் குறை மறந்துவிடும்.

இந்தக் குழுமேல் நியாயமான புகார் ஒன்று உண்டு. ஸ்டுடியோவில் ரொம்ப மரியாதையாக இருப்பார்கள். மேடையில் பதினைந்து நிமிடம் ஓடும் பாட்டு, ஆல்பத்தில் ஐந்து நிமிடத்தில் கைகூப்பி விடைபெறும். அவர்களின் ரசிகர்களே நேரலைப் பதிவுகளைத்தான் தேடிப் போகிறார்கள். பழைமை மோகம் என்ற இன்னொரு விமர்சனமும் உண்டு: இவர்கள் 1970ஐ மறுபடி மறுபடி நடிக்கிறார்கள் என்று. 'மேட் டாக்ஸ்', 'லைலா' என்று பழைய ஆல்பங்களை முழுசாக எடுத்து வாசிக்கும்போது அந்தக் குற்றச்சாட்டுக்குத் தாங்களே சாட்சி சொல்கிறார்கள். என்றாலும் 1970இல் எந்த ராக் குழுவிலும் டெரெக்கைப் போல ஒரு சுரத்துக்குள் உட்கார்ந்து வாசித்தவர் இல்லை. அது சான் ரஃபேலிலும் பாகிஸ்தானிலும் இருந்து வந்தது.

புதிதாகக் கேட்கிறவர்கள் 'எவ்ரிபடீஸ் டாக்கின்' நேரலையில் தொடங்கலாம். ஹெட்ஃபோன் இருந்தால் 'மிட்நைட் இன் ஹார்லம்' முன்னுரையைத் தனியாக ஒருமுறை. அடுத்து 'லெட் மி கெட் பை'. சூசனின் குரல் பிடித்துவிட்டால் பின்னோக்கிப் போய் 'ஜஸ்ட் வோன்ட் பர்ன்'. டெரெக்கின் கிடார் பிடித்துவிட்டால் அவருடைய பழைய குழுவின் 'சாங்லைன்ஸ்', அதில் நுஸ்ரத்தின் பாட்டு இருக்கிறது. 'ஐ ஆம் த மூன்' நான்கையும் ஒரு விடுமுறை நாளுக்கு ஒதுக்கி, வெளியான வரிசையிலேயே கேட்பது நல்லது. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.